எழுபது வயதில் அரூப ஓவியம்: புள்ளியில் தொடங்கலாம்

நாற்பது வருஷமாக வாசலில் கோலம் போட்ட ஒரு அம்மாவிடம் "உங்களுக்குப் படம் வரைய வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, எனக்கு ஒரு கோடுகூட வராதுப்பா" என்றுதான் பதில் வரும். அதே கைதான் அன்று காலை பதினோரு புள்ளி வைத்து, கம்பி எங்கேயும் அறுந்து போகாமல் ஒரு சிக்குக் கோலத்தைச் சுற்றி முடித்திருக்கும். ஆனால் அது அவர் கணக்கில் "வரைவது" ஆகாது. வரைவது என்றால் மயில், பிள்ளையார், காந்தி முகம். பார்த்ததைப் பார்த்தபடியே கொண்டு வருவது.

கோலம் எதைப் போலவும் இல்லை. தாமரைக் கோலம், தேர்க் கோலம் என்று சில உண்டுதான். ஆனால் சுத்தமான நெளிக் கோலம் உலகத்தில் உள்ள எந்தப் பொருளின் படமும் கிடையாது. கோடு, இடைவெளி, திரும்புதல், சமநிலை, அவ்வளவுதான். இதைத்தான் ஓவியர்கள் அரூப ஓவியம் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் அரூபக் கலையில் அதிகப் பயிற்சி உள்ளவர்கள் நம் பாட்டிகளும் அம்மாக்களும்தான். அவர்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

வயதானவர்களுக்கு ஓவியம் கற்றுக் கொடுப்பது பற்றிச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டும், எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பெரியவர்களோடு செய்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். அதிலிருந்து சேர்ந்த குறிப்புகள் இவை. நான் ஓவியன் இல்லை, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அதனால் ஓவிய நுணுக்கம் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒரு பெயர். ஆதிமூலத்தைக் காந்தி கோட்டோவியங்களுக்காகவும், ஜூனியர் விகடனில் கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு வரைந்த படங்களுக்காகவும் நமக்குத் தெரியும். துறையூர் பக்கம் கீழக்குறிச்சிக்காரர், 1938இல் பிறந்தவர். ஒரு கோட்டில் ஒரு ஆளைப் பிடித்துவிடக்கூடிய கை. அந்தக் கைதான் பிற்பாடு உருவத்தையே விட்டுவிட்டுப் பெரிய கேன்வாஸ்களில் வெறும் வண்ணப் பரப்புகளாகத் தீட்டியது. 2008இல் இறக்கும்வரை அவர் எண்ணெய் வண்ண ஓவியங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். "உருவம் வராதவங்க போடுறதுதான் அப்ஸ்ட்ராக்ட்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு ஆளே போதும்.

இன்னொரு பழைய வாதம், "என் பேரன்கூட இப்படிப் போடுவான்" என்பது. ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2011இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பக்கம் பெயர்பெற்ற அரூப ஓவியர் ஒருவரின் படம். இன்னொரு பக்கம் அதே சாயலில் ஒரு குழந்தையோ குரங்கோ யானையோ தீட்டியது. எது சிறந்தது என்று கேட்டதற்கு, ஓவியப் பயிற்சியே இல்லாதவர்களும் பாதிக்கு மேற்பட்ட முறை ஓவியரின் படத்தையே காட்டினார்கள். பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியபோதும்கூட. வித்தியாசம் பெரியதில்லை, நூற்றுக்கு அறுபது எழுபது என்ற அளவுதான். ஆனாலும் கோட்டுக்குப் பின்னால் ஒரு தீர்மானம் இருந்ததா இல்லையா என்பது கண்ணுக்கு ஓரளவு தெரிகிறது. கோலத்தை ரசிக்கிற கண்ணுக்கு இது ஆச்சரியமான செய்தி இல்லை.

சரி, வயதானவர்களுக்கு எதற்கு அரூபம்? இயற்கைக் காட்சி, பூஜாடி என்று தொடங்கினால் ஆகாதா?

ஆகும். ஆனால் பூஜாடி வரைந்தால் பக்கத்திலேயே பூஜாடி இருக்கும். படம் தோற்றுவிட்டதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். கை லேசாக நடுங்குகிற எழுபது வயதுக்காரருக்கு அந்த ஒப்பீடு கொடுமையானது. எங்கள் அம்பத்தூர் பக்கத்தில் இது கூடுதலாகவே உறைக்கும். இங்கே வயதான ஆண்களில் எத்தனையோ பேர் எஸ்டேட்டிலும், டன்லப்பிலும், டிஐ சைக்கிளிலும், பாடி லூகாஸிலும், ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் கையால் வேலை பார்த்தவர்கள். ஃபிட்டர், டர்னர், டூல் ரூம் ஆள், டிராஃப்ட்ஸ்மேன். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பீஸ் ரிஜெக்ட் ஆன உலகம். அப்படி வாழ்ந்த ஒருவர் தன் கையெழுத்தே கோணுவதைப் பார்க்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். பேங்க் ஃபாரத்தைக்கூட மகனை நிரப்பச் சொல்கிறார். எங்கள் ஞாயிறு கூட்டத்தில் ஒருவர் முதல் மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும்தான் பார்த்தார். "தம்பி, ஸ்கேல் வெச்சா போடுவேன். ஸ்கேல் இல்லாம இந்தக் கை இப்போ எனக்கே ஆகாது" என்றார்.

பெண்கள் இழந்தது வேறு. தனி வீட்டை விற்று ஃபிளாட்டுக்கு வந்த பிறகு வாசல் என்பது லிஃப்டுக்கு எதிரே இரண்டு அடி டைல்ஸ். அதிலும் மருமகள் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருப்பார். வழுக்கும் என்று தண்ணீர் தெளிக்க விடமாட்டார்கள். நாற்பது வருஷம் தினமும் விடிகாலையில் பத்து நிமிஷம் தனக்கே தனக்கென்று இருந்த ஒரு வேலை, யாரும் பறிக்காமலே போய்விட்டது.

இப்போது கொஞ்சம் தூரம் போகலாம். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தில் உட்டோப்பியா என்ற பகுதியில் எமிலி காமே உங்வாரே என்று ஒரு பழங்குடி மூதாட்டி இருந்தார். சுமார் 1910இல் பிறந்தவர். சடங்குகளின்போது பெண்களின் உடம்பில் வண்ணக் கோடுகள் தீட்டுவது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. 1977இலிருந்து துணியில் பாட்டிக் செய்தார். கேன்வாஸில் அக்ரிலிக் தீட்டத் தொடங்கியது 1988 வாக்கில், எழுபத்தெட்டு வயதை ஒட்டி. 1996இல் இறந்தார். அந்த எட்டு வருஷத்தில் அவர் தீட்டியவை ஏறக்குறைய மூவாயிரம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1995இல் அவர் வரைந்த பெரிய கிழங்குக் கனவு என்ற ஓவியம் மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு பின்னிப் பின்னிப் போகிறது. கிழங்குக் கொடியின் வேர்கள் மண்ணுக்குள் ஓடும் வழி அது. நம் ஊர் அம்மா யாரிடம் காட்டினாலும் "புள்ளி வைக்காம போட்ட கோலமா இது?" என்றுதான் கேட்பார். நான் போனில் காட்டியபோது ஒரு அம்மா திரையைப் பெரிதாக்கி, கம்பி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்துகொண்டே போனார். ஐந்து நிமிஷம் யாரோடும் பேசவில்லை.

எமிலியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: வயதானவர் காலி ஆளாக வகுப்புக்கு வருவதில்லை. கையில் ஏற்கெனவே ஒரு இலக்கணம் இருக்கிறது. கற்றுக் கொடுப்பவர் முதலில் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். இலக்கணம் என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் சிரோமணி தம்பதியர், கிஃப்ட், ராணி இருவரும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இலேயே கோலங்களை முறைசார் மொழியாக, அதாவது புரோகிராமிங் மொழிகளுக்கு விதி எழுதுவதுபோல விதி எழுதி, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சின்னச் சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பப் பொருத்தினால் முழுக் கோலமும் வந்துவிடும். கணினி படித்தவர்களுக்கு இது ஒரு தனி விருந்து, இன்னொரு நாள் விரிவாக எழுதலாம்.

இங்கே அதனால் ஆகும் பயன் வேறு. "மனசுல தோணுறதைப் போடுங்க" என்று வெள்ளைத் தாளைக் கொடுப்பதுதான் அரூப வகுப்புகளில் பரவலாக நடக்கிறது. கலை என்பது சுதந்திரம், அதனால் விதி கூடாது என்ற நினைப்பு. பெரியவர்களுக்கு அது சுதந்திரமாகப் படுவதில்லை, பரீட்சை ஹாலாகப் படுகிறது. என்ன தோன்ற வேண்டும் என்றே தெரியாமல் கடைசியில் ஒரு மலை, சூரியன், இரண்டு தென்னை மரம் வரைந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். விதி கொடுங்கள். சின்ன விதி, இறுக்கமான விதி. அதற்குள் தீர்மானம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

நாங்கள் செய்த முதல் பயிற்சி இப்படி. கறுப்பு சார்ட்டில் சாக்பீஸால் ஏழுக்கு ஏழு புள்ளி. தெரிந்த கோலத்தைப் போடலாம். அடுத்த தாளில் அதே நாற்பத்தொன்பது புள்ளி, ஆனால் எங்கேயாவது ஐந்து புள்ளியை அழித்துவிட வேண்டும். இப்போது கம்பி வழி தேடியாக வேண்டும். பழகிய கோலம் உதவாது. மூன்றாவது தாளில் அந்தக் கோடு அடைத்த இடங்களில் மூன்று வண்ணம் மட்டும். முடிந்ததும் பார்த்தால் எட்டுப் பேரிடமும் எட்டு விதம். யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் சரியான விடை என்று ஒன்று கிடையாது. கோலமே போட்டறியாத ஆண்கள் அங்கே பெண்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். அதைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

டூல் ரூம்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்தது ஜன்னல் அட்டை. போஸ்ட் கார்டின் நடுவில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டி, அதன் வழியாக வெளியே பார்ப்பது. எஸ்டேட் பக்கம் துருப்பிடித்த ஷட்டர், மழைநீர் வழிந்த சுவர், லாரி பின்கதவில் உரிந்த பெயின்ட். ஓட்டைக்குள் தெரியும் துண்டில் பொருள் என்ன என்பது போய்விடும், வடிவமும் வண்ணமும்தான் மிஞ்சும். அதைப் பெரிதாக்கித் தீட்ட வேண்டும். துருவைப் பற்றி அவருக்குத் தெரியாததா? எந்தத் துரு புதுசு, எந்தத் துரு பழசு, எது கிரீஸ் பட்ட இடம் என்று நிறத்தைப் பிரித்துக் கொடுத்தார். துருவுக்கு ஸ்கேல் தேவையில்லை, நடுங்கும் கோடு அங்கே குற்றமும் இல்லை.

கண்ணைப் பற்றியும் கையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கற்றுக் கொடுக்க வருபவர்கள் பெரும்பாலும் இளவயதினர், அவர்களுக்கு இது உறைப்பதில்லை.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, பாப்பா சுருங்குகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேரும் என்பது விளக்கு அமைப்பவர்களின் பொதுவான கணக்கு. மஞ்சள் லென்ஸ் நீலத்தை விழுங்கிவிடும். கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ளவை குழம்பும். அதனால் முதல் வகுப்பிலேயே பன்னிரண்டு டியூப்பையும் பரப்பாதீர்கள். கறுப்பு, வெள்ளை, ஒரு காவி போதும். டியூப்பின் மேல் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். நேரம் காலை பத்து மணி, ஜன்னல் பக்கம். டியூப் லைட்டுக்குக் கீழே வேண்டாம். கேட்டராக்ட் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உலகம் திடீரென்று நீலமாகத் தெரியும். ஓவியர் மோனே 1923இல் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு வண்ணங்கள் மாறித் தெரிவதாகப் பெரிய பாடுபட்டார். உங்கள் வகுப்பில் ஒருவர் "போன மாசம் போட்ட படம் ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்கு?" என்று கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு மெல்லிய பிரஷ் பிடிப்பது வேதனை. காம்பில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றித் தடிமனாக்கலாம். பிரஷ்ஷே இல்லாமலும் செய்யலாம்: ஸ்பாஞ்ச், துணிப் பந்து, வண்ணத்தை இழுத்துச் சுரண்ட காலாவதியான ஏடிஎம் கார்டு. எண்ணெய் வண்ணம் வேண்டாம், டர்பன்டைன் வாசனை வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. அக்ரிலிக் தண்ணீரில் கரையும். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே தட்டிலேயே காய்ந்துபோகும், அதனால் தட்டில் ஈர டிஷ்யூ விரித்து அதன்மேல் வண்ணம் வையுங்கள். கேன்வாஸுக்குச் செலவு செய்யாதீர்கள். தினசரிக் காலண்டர் அட்டையில் வெள்ளை பிரைமர் இரண்டு கோட் அடித்தால் போதும். உறுதியானது, மடியில் வைத்தும் போடலாம், கெட்டுப்போனால் மனசு அடித்துக்கொள்ளாது.

பிரஷ்ஷே பிடிக்க முடியாதவருக்குக் கத்தரிக்கோல். மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஈசல் முன்னால் நிற்க முடியாமல் போனவர். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைச் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் இருந்தபடி வெட்டி, ஒட்டச் சொன்னார். 1953இல் செய்த நத்தை என்ற படம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் சதுரம், வெறும் வண்ணத் துண்டுகள். அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. நம் நாட்டில் சாந்திநிகேதனின் வினோத பிஹாரி முகர்ஜி 1957இல் கேட்டராக்ட் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையை முழுவதும் இழந்தவர். அதன் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், சுவரோவியம் செய்தார், மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சத்யஜித் ராய் அவர் மாணவர். 1972இல் ராய் எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படம் இவரைப் பற்றித்தான்.

இதனால் மூளைக்கு நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜெர்மனியில் 2014இல் வெளியான ஒரு ஆய்வு உண்டு. பணி ஓய்வு பெற்ற 28 பேர், இரண்டு குழு, பத்து வாரம். ஒரு குழு தாங்களே படம் செய்தது, மற்றது அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்த்துப் பேசியது. செய்த குழுவின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு மேம்பட்டதாக ஸ்கேனில் தெரிந்தது, மனத்தாங்கு திறனும் கொஞ்சம் கூடியது. 28 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்து "ஓவியம் மறதி நோயைத் தடுக்கும்" என்று நோட்டீஸ் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருந்து மாதிரி விற்றால் பெரியவர்களும் மருந்து மாதிரிதான் வருவார்கள், கடமைக்கு.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது படத்தை எக்ஸ்ரே போலப் படிக்கும் பழக்கம். "ஏன் இவ்ளோ கறுப்பு? மனசுல ஏதாவது கவலையாம்மா?" கறுப்பு டியூப்தான் கையருகே இருந்திருக்கும். அப்படியே கவலை இருந்தாலும், அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சுய வெளிப்பாடு என்றால் வாக்குமூலம் என்று அர்த்தம் கிடையாது. மகள் சாப்பாடு போடும் நேரத்திலிருந்து டிவி சேனல் வரை மற்றவர்கள் தீர்மானிக்கும் வீட்டில், இந்த மூலையில் காவி, இங்கே நிறுத்து என்று தானே முடிவு செய்வதுதான் பலருக்கு அந்த வெளிப்பாடு. இன்னொரு பக்கம், எதைப் போட்டாலும் "சூப்பர் பாட்டி!" என்று கை தட்டுவதும் அவமானம்தான். ஐம்பது வருஷம் தரம் பார்த்து வேலை செய்தவருக்குப் பொய்ப் பாராட்டு உடனே தெரிந்துவிடும். நான் கேட்பது இரண்டே கேள்வி: "எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சிருக்கு?", "ஏன் இதோட நிறுத்துனீங்க?" இரண்டாவதற்கு நல்ல பதில்கள் வரும்.

"யாராவது இது என்னன்னு கேட்டா நான் என்னப்பா சொல்றது?" என்று ஒருவர் கேட்டார். தாகூரைச் சொன்னேன். அறுபதைத் தாண்டிய பிறகு, கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று கோத்து உருவங்களாக்கத் தொடங்கியவர் அவர். 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி, வயது அறுபத்தொன்பது. இரண்டாயிரத்துக்கும் மேல் வரைந்தார். அவை முழு அரூபம் இல்லை, முகங்களும் விசித்திர விலங்குகளும் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அவர் தலைப்பே வைக்கவில்லை. வார்த்தையால் நோபல் வாங்கியவரே வைக்கவில்லை என்றால் நாம் ஏன் வைக்க வேண்டும்? "அப்ப சரி" என்றார்.

படம் பார்க்கவும் கூட்டிப் போக வேண்டும். போனில் பார்ப்பது பத்தாது, அளவு தெரியாது. கொஞ்சம் தொலைவுதான், ஆனால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல் கலைக் கிராமம் ஒரு நாள் பயணத்துக்கு நல்ல இடம். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கியது, மதராஸ் இயக்க ஓவியர்களின் படைப்புகளுக்கு அங்கே தனிக் காட்சியகம் இருக்கிறது. வேனில் போனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், உட்கார இரண்டு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். பணிக்கர் 1963இல், ஐம்பத்திரண்டாவது வயதில்தான், சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையைத் தொடங்கினார். வாசிக்க முடியாத எழுத்துகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். இளைஞர்கள் அதன் முன்னால் நின்று விளக்கப் பலகையைத் தேடுவார்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் நுழைய ஒரு வழி கிடைத்துவிடும். அவர்களை அங்கே கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிடுங்கள்.